அசிஸ்டன்ட்னா எடுபிடியா?

போன வாரம் நைட் டூட்டியில் எங்க வார்டு சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டாங்க. அமெரிக்காவில் இருக்கிற அவங்க அக்கா மகள் ‘ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டன்ட்’ படிப்பில் சேர்ந்திருக்காளாம். “ரெண்டு வருஷம் படிச்சும் கடைசில அசிஸ்டன்ட்தானா சார்? எடுபிடி வேலை மாதிரியா?”

உண்மையைச் சொல்லணும்னா எனக்கே சரியா தெரியாது. எம்பிபிஎஸ்ல இதைப் பத்தி ஒரு முழு வகுப்பு கேட்டதா ஞாபகமே இல்ல. அதனால தேடிப் படிச்சேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

முதல்ல பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். தமிழ்ல ‘தொழில்வழி சிகிச்சை’ன்னு எழுதறாங்க. உடனே ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சின்னு நினைச்சுடறோம். இங்க ஆக்குபேஷன்னா சம்பள வேலை மட்டும் இல்ல. பல் விளக்குறது, சட்டை போடுறது, சோறு பிசைஞ்சு சாப்பிடுறது, பூ கட்டுறது, கடைக்குப் போய் சில்லறை எண்ணி வாங்குறது எல்லாமே அதில் சேரும். ஒரு மனுஷனோட நாள் எதுல ஓடுதோ அது.

1917 மார்ச். நியூயார்க் மாகாணத்துல கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர். அங்க ஜார்ஜ் பார்ட்டன் வீட்ல சிலர் கூடி இந்தத் துறைக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாங்க. பார்ட்டன் டாக்டர் இல்ல, கட்டிடக்கலைஞர். காசநோய் வந்தவர், பாதத்துல ஒரு பகுதியை வெட்டி எடுத்து, உடம்போட இடது பக்கமும் செயலிழந்து கிடந்தவர். தோட்ட வேலையும் மர வேலையும் செஞ்சு செஞ்சு தன்னைத் தானே மீட்டுக்கிட்டார். அந்தக் கூட்டத்துல இருந்த ஒரே டாக்டர் வில்லியம் ரஷ் டண்டன்ங்கிற மனநல மருத்துவர். மத்தவங்கள்ல சமூக சேவகர் உண்டு, கைவினை ஆசிரியர் உண்டு. நம்ம ஆட்கள் கண்டுபிடிச்ச துறை இல்ல இது!

அடுத்த மாசமே அமெரிக்கா முதல் உலகப்போர்ல குதிச்சது. 1918-ல் பிரான்ஸ்ல லா ஃபோஷ் என்ற ஊரில் இருந்த 117ஆம் எண் ராணுவ ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன பெண்கள் குழு போகுது. அங்க இருந்தவங்க ‘ஷெல் ஷாக்’ நோயாளிகள். உடம்புல பெரிய காயம் இருக்காது. ஆனா கை நடுங்கும், பேச்சு வராது, தூக்கம் வராது. இந்தப் பெண்கள் கிடைச்ச மரம், தகரத்தை வெச்சு ஒரு பட்டறை போட்டாங்க. சிப்பாய்களை உளி பிடிக்க வெச்சாங்க. அதுக்கப்புறம் பல ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கும் இப்படிக் குழுக்கள் போச்சு.

இவங்களோட பதவிப் பெயர் என்ன தெரியுமா? ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்ட்’. எய்ட்னா உதவியாள். நிறைய பேருக்கு சில வாரங்களோ சில மாசங்களோதான் பயிற்சி. போர்முனைக்குப் போனாலும் ராணுவ அந்தஸ்து கிடையாது, சிவிலியன்தான். ராணுவத்துல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களுக்கு அதிகாரி அந்தஸ்து கிடைக்க 1947 வரைக்கும் ஆச்சு.

அதாவது சிஸ்டர், இந்தத் துறையே அசிஸ்டன்ட்களாலதான் நடந்து வந்தது.

அப்புறம் துறை வளர்ந்தது. பயிற்சிக் காலம் கூடிச்சு, டிகிரி வந்தது, பதிவு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனா தகுதி ஏற ஏற, ஆள் பத்தல. 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகள்ல சுமார் 5.5 லட்சம் பேர் இருந்தாங்க. அத்தனை பேருக்கும் டிகிரி முடிச்ச தெரபிஸ்ட்டுக்கு எங்க போறது? நாள் முழுக்க நோயாளிகளோட உட்கார்ந்து கைவேலை செய்ய வெச்சது பெரும்பாலும் வார்டு உதவியாளர்கள்தான். அனுபவம் இருந்தது, சான்றிதழ் இல்ல.

1958-ல் தெரபிஸ்ட் சங்கம் இதை ஒத்துக்கிட்டு, உதவியாளர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றும் கொடுக்கிற திட்டத்தைக் கொண்டு வந்தது. முதல்ல மனநல மருத்துவமனைகளுக்கு மட்டும், சில மாசப் பயிற்சி. ஏற்கெனவே வேலை பார்த்துட்டு இருந்தவங்களுக்கு அனுபவத்தை வெச்சே சான்று வாங்கவும் வழி விட்டாங்க. எனக்கு இதுல பிடிச்ச இடம் இதுதான். புதுசா ஒரு கீழ்ப்படியைக் கட்டல. ஏற்கெனவே அங்க நின்னவங்களுக்குப் பேர் வெச்சாங்க. பிறகு படிப்பு கம்யூனிட்டி காலேஜ்களுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. 1977-ல் தேசிய அளவுல தேர்வும் வந்தது.

அந்தப் பொண்ணு என்ன படிக்கப் போறா? உடற்கூறியல், நரம்பு மண்டலம், மனநலம், கூடவே 16 வாரம் முழுநேரக் களப்பயிற்சி. மதிப்பீடு செஞ்சு திட்டம் போடுற பொறுப்பு தெரபிஸ்ட்டுக்கு. அதை நோயாளி பக்கத்துல உட்கார்ந்து நடத்துறது பெரும்பாலும் அசிஸ்டன்ட். ஒரு உதாரணம் சொல்றேன், வீட்ல ஸ்ட்ரோக் வந்தவங்க இருந்தா உதவும். சட்டை போடும்போது பலவீனமான கையை முதல்ல நுழைக்கணும். கழட்டும்போது நல்ல கையை முதல்ல எடுக்கணும். கேட்டா சின்ன விஷயம். சொல்லித்தர ஆள் இல்லாம மாசக்கணக்கா மத்தவங்க கையால உடுத்திக்கிறவங்க எத்தனை பேர்!

இந்தியாவுக்கு இதைக் கொண்டு வந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்கால பிறந்த எலிசபெத் லண்டி. இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே வந்துட்டாங்க, பிறகு ஃபிலடெல்ஃபியா போய் இந்தப் படிப்பை முடிச்சு, 1950-ல் பம்பாய் கேஇஎம் ஆஸ்பத்திரியில் பள்ளியைத் தொடங்கினாங்க. 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானப்போ இந்தியாவும் நிறுவன உறுப்பினர்.

நம்ம வேலூரும் இந்தப் பாடத்தை வேற வழியில கத்துக்கிச்சு. சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தினார். குணமான சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டினா பிச்சை விழ மாட்டேங்குது, வேலையும் தெரியாதுன்னு சொன்னாங்களாம். கை சரியாச்சு, அந்தக் கைக்கு வேலை? அப்புறம்தான் 1951-ல் புதுவாழ்வு மையம் வந்தது. தச்சு வேலை, பொம்மை செய்றதுன்னு, உணர்ச்சி இல்லாத விரலைக் காயப்படாம பயன்படுத்தக் கத்துக்கொடுத்தாங்க.

இதையெல்லாம் சிஸ்டர்கிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, “சரி சார், நம்ம வார்டுல இதை யாரு செய்றா?”ன்னாங்க.

பதில் இல்ல. பக்கவாதத்துல வந்த 14ஆம் பெட் தாத்தாவுக்குக் கேஸ் ஷீட்ல நான் எழுதியிருந்தது, ‘கை பலம் முன்னேற்றம்’. அவர் மனைவி மூணு வேளையும் ஊட்டி விட்டுக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனப்போ, டூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம சிஸ்டர் அவர் கட்டில் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. “இந்தக் கையை முதல்ல விடுங்க தாத்தா.” பொத்தான்ல மூணு அவரே போட்டார். நாலாவதுக்கு ரொம்ப நேரமாச்சு.