சந்தனம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்

எமது பழைய மாணவிகளில் எத்தனையோ பேர் இன்று பிறந்த ஊரில் இல்லை. வந்திறங்கிய இடத்தில் இருபது வருடம் வாழ்ந்தும், வேலைக்குப் போகும் தெருவைத் தவிர அந்த ஊரை நாம் சரியாகப் பார்த்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் ஓவியர் ஜோர்ஜெட் சென் கண்முன் வருகிறார்.

1906 இல் வசதியான சீனக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். நியூயோர்க்கிலும் பாரிஸிலும் ஓவியம் கற்றார். சீனாவின் வெளிநாட்டமைச்சராக இருந்த யூஜின் சென்னை 1930 இல் மணந்தார். யுத்தகாலத்தில் ஜப்பானியர் இருவரையும் வீட்டுக்காவலில் வைத்தனர். 1944 இல் கணவர் ஷங்காயிற் காலமானார். மறுமணமும் நிலைக்கவில்லை.

1951 இல் பினாங்கு, அதன்பின் சிங்கப்பூர். அங்கே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் 1954 முதல் 1980 வரை கற்பித்தார். 'நன்யாங்' என்றால் தென்கடல். வந்தவர் சும்மா இருக்கவில்லை. மலாய் மொழி படித்தார், 'செண்டானா' என்று மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். எமது சந்தனம்தான் அது!

பாரிஸிற் பழகிய தூரிகையை இந்த வெயிலுக்குப் பழக்கினார். சிங்கப்பூர் ஆற்றையும் துறைமுகக் கரையையும் அங்கு நெருக்கியடித்து நின்ற படகுகளையும் வரைந்தார். ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலைக்காக 1983 இல் அந்தச் சரக்குப் படகுகளை அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். இன்று அவை அவருடைய ஓவியங்களில் நிற்கின்றன.

அவரை வீழ்த்தியது மூட்டுவாதம். வைத்தியர்களான எமக்கு இந்த இடத்தில் மனம் கனக்கிறது. காலையில் விரல்கள் மடங்க மறுக்கும், முட்டிகள் வீங்கும், போகப்போக விரல்கள் ஒருபக்கம் சாய்ந்து, ஒரு பேனையைப் பிடிப்பதே பாடாகிவிடும். தூரிகை பிடித்த கைக்கு வந்த நோய் இது. இப்போது ஆரம்பத்திலேயே மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து மூட்டுகளைக் காப்பாற்றப் பார்க்கிறோம். அவர் நோயுற்ற காலத்தில் அது வழமையான சிகிச்சையாகியிருக்கவில்லை. 1982 இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. ஏறத்தாழப் பதினொரு வருடம் வைத்தியசாலையில் இருந்து, 1993 மார்ச்சில் அந்தத் தீவிலேயே கண்மூடினார். அவர் பெயரிலான புலமைப்பரிசில் இளங்கலைஞருக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

விஞ்ஞானப் பிரிவுக்குப் போன அன்றே சித்திரக் கொப்பியை மூடிவைத்தவர்கள் நாம். ஆனாலும், சிங்கப்பூரில் இருக்கும் தோழியர் ஒருமுறை தேசிய ஓவியக்கூடத்துக்குப் போய் அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள். ரம்புட்டானையும் விட்டுவைக்காமல் வரைந்திருக்கிறார். மல்வானைப் பழம் தின்ற எமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.