முழங்கால் தேய்மானமும் படக்கருவிகளும்: நிலக்கரிச் சுரங்கம் முதல் கடலைக் கொல்லை வரை

முழங்கால் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் படிநிலை பிரித்துக் காணும் முறை, உடலுழைப்பாளர்களைப் பற்றிய ஆய்வுகளையொட்டி உருவானது. இங்கிலாந்தின் கெல்கிரனும் லாரன்சும் 1952-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மூட்டு நோய்களைப் பதிவு செய்தனர். 1957-இல் 0 முதல் 4 வரையிலான தர வரிசையை வெளியிட்டனர். எலும்பின் ஓரத்தில் வளரும் முள்ளும் மூட்டு இடைவெளியின் சுருக்கமும் அதன் முக்கிய அடையாளங்கள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ‘கிரேடு மூணு’ என்றால், அது பெரும்பாலும் அந்த அளவுகோல்தான். 1968-இல் சுவீடனின் ஆல்பேக், நோயாளியை நிற்க வைத்துப் படம் எடுப்பதன் தேவையைக் காட்டினார். படுக்க வைத்து எடுத்தால் உடற்பாரம் மூட்டில் இறங்காது. சுருங்கிய இடைவெளியும் அகலமாகத் தெரியும்.

ஆனால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதில்லை. எலும்புகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை வைத்து அதை ஊகிக்கிறோம். அந்த இடைவெளி சுருங்குவதில் ‘ஜவ்வு’ என்று நம்மவர்கள் சொல்லும் மெனிஸ்கஸ் பிதுங்கியதற்கும் பங்குண்டு. எம்.ஆர்.ஐ. வந்த பிறகே குருத்தெலும்பின் தடிமனை நேரடியாக அளக்க முடிந்தது. எம்.ஆர்.ஐ.யின் டி2 வரைபட முறை இன்னும் ஒரு படி உள்ளே போனது: தடிமன் குறைவதற்கு முன்பே நீர்ச்சத்திலும் கொலாஜன் இழைகளின் ஒழுங்கிலும் ஏற்படும் மாற்றத்தை அது எண்ணாகத் தருகிறது.

யாருக்குத் தேய்மானம் முற்றும் என்பதை முன்கூட்டியே கணிக்க முயலும் முன்கணிப்பு ஆய்வுகளுக்குப் பெரிய அடித்தளம் அமைத்தது அமெரிக்காவில் 2004-இல் ஆள்சேர்ப்பு தொடங்கிய ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ். 45 முதல் 79 வயது வரையிலான 4,796 பேரை 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். அவர்களில் 600 பேரின் தரவை எடுத்து ஆய்வாளர் எக்ஸ்டைனின் குழுவினர் 2015-இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. உட்புற மூட்டில் 24 மாதத்தில் குருத்தெலும்பு மெலிந்த அளவு, எக்ஸ்ரேயில் நோய் முற்றுவதோடு வலுவாக ஒத்துப்போனது. வலி கூடுவதோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. நோயாளி வருவதோ வலிக்காக!

படத்தை மட்டும் நம்புவோருக்கு இன்னொரு எச்சரிக்கை 2012-இல் வந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் பகுதியில், எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லாத, 50 வயது தாண்டிய 710 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 89 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மாறுபாடு இருந்தது. 69 விழுக்காட்டினருக்குக் குருத்தெலும்பிலேயே சேதம். வலி இல்லாதவர்களும் இதில் அடக்கம். ஆகவே ‘ஸ்கேனில் தேய்மானம்’ என்ற ஒரு வரி, எதிர்காலத்தைப் பற்றித் தன்னளவில் அதிகம் சொல்லிவிடாது. ஒரே முட்டியைக் கால இடைவெளி விட்டு இருமுறை அளந்து பார்ப்பதில்தான் செய்தி இருக்கிறது.

அமெரிக்கத் தரவில் உள்ளவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அடுத்து ஆப்பிரிக்க அமெரிக்கர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களின் முழங்கால் வேறு வாழ்க்கை வாழ்கிறது. குந்தியபடி கடலைக் கொல்லையில் களை எடுப்பது, சேற்றில் குனிந்து நாற்று நடுவது, மரக்காணம் உப்பளத்தில் சுமை தூக்குவது எல்லாம் மூட்டின் மேல் விழும் பாரங்கள். குந்தி அமரும் வழக்கத்துக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்று பெய்ஜிங் முதியோரிடம் நடந்த ஆய்வு 2004-இலேயே காட்டியது. தேய்மானத்தை முன்கணிக்க அமெரிக்க முட்டிகளின் படங்களைக் கொண்டு பழக்கிய கணினி நிரல் ஒன்று இந்தப் பாரத்தைக் கணக்கில் எடுத்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் இயன்முறை சிகிச்சையாளர்களை வீடுகளுக்கே அனுப்புகிறது. வயல் வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண்களை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ. செய்து, இரண்டாண்டு கழித்து அதே அளவீட்டைத் திரும்ப எடுக்க இந்த அமைப்புகள் போதும். வெளியூர்த் தரவில் உருவான முன்கணிப்புக் கருவியை இங்கே வாங்கி வைப்பதற்கு முன்பு அதைச் செய்ய வேண்டும்.