கழற்றப்பட்ட டர்போவும் காலியான கலனும்

1965-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தன் காரிலிருந்து தானே பொருத்திய கருவியைக் கழற்றித் தர முன்வந்தது. கார், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், கருவி, டர்போசார்ஜர். உரிமையாளர்கள் காரைக் கொண்டுவந்தால் டர்போவை அகற்றிவிட்டுச் சாதாரண நான்கு வாய்க் கார்புரேட்டரைப் பூட்டித் தருவதாக ஏற்பாடு. மூன்றாண்டுகளுக்கு முன் எதைக் காட்டி அந்தக் காரை விற்றார்களோ, அதையே கழற்றும் வேலை.

டர்போ என்ற எண்ணம் அப்போது புதிதல்ல. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இலேயே அதற்குக் காப்புரிமை கோரினார். வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புவது அதன் சாரம். டர்பைன் என்ற சொல்லை 1822-இல் ஆக்கிய பிரெஞ்சுக்காரர் குளோத் பியூர்தான், சுழலையும் பம்பரத்தையும் குறிக்கும் 'டர்போ' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அதை எடுத்தார். வினாடிக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய கருவிக்குப் பம்பரம் பொருத்தமான மூதாதைதான். 1918-இல் சான்ஃபர்ட் மோஸ், கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு லிபர்ட்டி விமான எஞ்சினை ஏற்றிச் சென்று சோதித்தார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், 14,000 அடி உயரத்தின் மெல்லிய காற்றில் 230-க்குச் சரிந்தது; டர்போவோடு 356 தந்தது. கப்பலுக்கும் விமானத்துக்கும் லாரிக்கும் அது பழகிய பின்னரே, 1962-இல் செவ்ரலே கோர்வேர் மோன்சா ஸ்பைடரும் ஜெட்ஃபயரும் அதைச் சாதாரணக் குடும்பத்தின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் கார்கள், வழிகள் வேறு. கோர்வேர் அழுத்த விகிதத்தைக் குறைத்து வைத்துக்கொண்டது. ஜெட்ஃபயரின் 3.5 லிட்டர் அலுமினிய எஞ்சினோ 10.25:1 என்ற உயர் விகிதத்தை விடாமல், அதன் மேல் டர்போவின் அழுத்தத்தையும் ஏற்றி 215 குதிரைத்திறன் கண்டது. அத்தகைய எஞ்சினில் எரிகலவை தன் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தாக்கும். அதைத் தடுக்க, டர்போ வேலை செய்யும்போதெல்லாம் உள்ளே செல்லும் கலவையைக் குளிரவைக்க ஒரு திரவம் செலுத்தப்பட்டது. அதன் விளம்பரப் பெயர் 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. உள்ளே இருந்தது, பாதிக்குப் பாதி வாலைவடிநீரும் மெத்தனாலும், கொஞ்சம் துருத்தடுப்பானும்.

பெயரில்தான் பிழை தொடங்கியது எனலாம். தண்ணீரும் ஆல்கஹாலும் என்று சொல்லியிருந்தால், ரேடியேட்டருக்கு நீர் ஊற்றிப் பழகிய எவருக்கும் அது புரிந்திருக்கும். ராக்கெட் என்ற சொல் அதை நிறுவனத்தின் மர்மமாக்கியது. பலர் கலனை நிரப்பவே இல்லை. கலன் வற்றினால் எஞ்சின் கெடாதிருக்க ஒரு காப்பு ஏற்பாடும் இருந்தது: ஒரு தட்டு மூடிக்கொண்டு டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்திவிடும். எஞ்சின் பிழைத்தது, கூடுதல் விலை கொடுத்தவர் சாதாரணக் காரையே ஓட்டினார். வீட்டுக் கொட்டகையில் கார்புரேட்டரைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்த தலைமுறைக்கும், இந்தக் கலனும் குழாய்களும் அழுத்தச் சவ்வுகளும் அந்நியமாகவே இருந்தன. ஏறத்தாழ 9,600 கார்களோடு 1963-இல் உற்பத்தி நின்றது.

சோம்பேறி உரிமையாளர்களின் கதையாகவே இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது முழு நியாயமாகாது. பெட்ரோல் தவிர இன்னொரு திரவத்தையும் அடிக்கடி ஊற்றவேண்டும் என்ற கடமையை, அதன் காரணத்தை விளக்காமல், வாங்குபவர் தலையில் வைத்தது வடிவமைப்பு. சுவீடனின் சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் அதே சிக்கலை வேறு வகையில் தீர்த்தது: எஞ்சினின் தட்டலை ஓர் உணரி கேட்டுணர, மின்னணுக் கருவி டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைத்தது. ஓட்டுநரிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

ஆயினும் ஒரு கடமை உரிமையாளரிடமே தங்கிவிட்டது, அது எண்ணெய். டர்போவின் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தே சுழல்கிறது. கடும் ஓட்டத்துக்குப் பின் உடனே எஞ்சினை அணைத்தால், தேங்கிய எண்ணெய் வெப்பத்தில் கருகிக் குழாயை அடைக்கும். நிறுத்துமுன் சற்று நேரம் எஞ்சினை வெறுமனே ஓடவிடும் டீசல் ஓட்டுநர்களின் பழக்கம் இதிலிருந்து வந்தது. வீட்டிலேயே டர்போவை மாற்றுவோர் தடுமாறும் இடமும் பெரும்பாலும் இதுவே. போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டுவது பொறுமையின் வேலை. பழையது ஏன் செத்தது என்று பாராமல், கருகிய எண்ணெய்க் குழாயை அப்படியே விட்டு, முதல் சுழற்சிக்கு முன் தாங்கிகளில் எண்ணெய் விடாமல் முடுக்கினால், புதியதும் அதே வழியில் போகும்.

எஞ்சியிருக்கும் ஜெட்ஃபயர்களில் சிலவற்றுக்கு, அன்று கழற்றப்பட்ட டர்போவை ஆர்வலர்கள் தேடிப் பிடித்து மீண்டும் பொருத்துகிறார்கள். கலனில் ஊற்றுவது அதே நீரும் மெத்தனாலும்தான். இப்போது கலப்பது அவர்களே.