எழுபது பேர் கொடுத்த வாக்கு

ஊர்ப் பெரியவர்கள் பதினோரு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். என் சித்தி மகள் நின்றுகொண்டிருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை அவளுக்கு. சம்பளத்தைக் கேட்டுப் புருஷன் அடித்ததில் மணிக்கட்டு வீங்கி, பத்து நாளாக மெஷினில் உட்கார முடியவில்லை. சொல்லச் சொல்ல அழுதாள். "நீலிக்கண்ணீர் வடிக்காதம்மா, விஷயத்தச் சொல்லு" என்றார் ஒருவர். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நான், அந்தச் சொல்லின் சரித்திரம் தெரிந்த நான், பெண்கள் பக்கம் சுவரோரமாக நின்று பேசாமல் இருந்தேன். "இன்னிக்கு ராத்திரி ஒண்ணா இருங்க, காலையில எல்லாம் சரியாப் போயிடும்" என்று தீர்ப்பாயிற்று.

அன்று நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பாகாயத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காட்பாடி போய் ரயிலேறினால், அரக்கோணம் தாண்டித் திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர் பழையனூர். தமிழின் மிகப் பழைய பேய்க்கதைகளில் ஒன்று அங்கேதான் நடந்ததாகச் சொல்கிறார்கள். பெயர்கள் பாடத்துக்குப் பாடம் மாறும். கதையின் எலும்பு மாறாது. ஏற்கெனவே மனைவி உள்ள ஒருவன் வெளியூரில் இன்னொருத்தியை மணக்கிறான். ஊர் திரும்பும் வழியில் காட்டில் அவளைக் கொன்றுபோடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகன். அவள் பேய், பெயர் நீலி. தன்னைக் காக்கும் மந்திரக் கத்தியோடு பழையனூர் வழியாகப் போகிறவனை, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி பின்தொடர்கிறாள். ஊர்ச் சபையில் எழுபது வேளாளர் முன் அழுகிறாள்: இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. வணிகன் நடுங்குகிறான், இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்கிறான். உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் அடைக்கிறது சபை. காலையில் அவன் பிணம் கிடக்கிறது. எழுபது பேரும் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

இதிலிருந்துதான் நீலிக்கண்ணீர் வந்தது. பெண் அழுதால் நம்பாதே என்பது பாடமாகிவிட்டது. அவள் சொன்னதில் எது பொய் என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. குழந்தை பொய். மற்றபடி அவன் அவளுடைய கணவன்தான், கைவிட்டவன்தான். ஒரு பிறவி முந்தைய உண்மையைச் சொன்னாள், அவ்வளவே. கொலையுண்டவள் கொலையைச் சொன்னால் எந்தச் சபையும் கேட்காது, குடும்பம் நடத்த வா என்று அழைத்தால் கேட்கும் என்பது அந்தப் பேய்க்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. பயந்தவரைப் பயமுறுத்துபவரோடு ஒரே அறையில் அடைத்து ராத்திரி கழியட்டும் என்பது நம் பஞ்சாயத்துகளுக்குப் புதிதல்ல. உள்ளே போவது வழக்கமாகப் பெண். பழையனூரில் போனவன் ஆண். அதனால்தான் அது திகில் கதையாயிற்று என்று எனக்குப் படுகிறது.

ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சித்து உயிர்கொண்ட ஒருத்தியைக் கேட்டு அஞ்சும் ஊராகப் பழையனூரைக் காட்டிவிடுகிறார். பின்னால் வந்த சேக்கிழார் புராணம் வாக்குத் தவறாத எழுபது பேரைப் போற்றுகிறது. நீலி செய்தது அங்கும் வஞ்சனைதான். முதல் கொலையில் செத்தவளுக்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை. இராசேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் 31 செப்பேடுகளில் இருக்கிறது. மண்ணுக்கு அவ்வளவு சாட்சி.

அதே திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் இருக்கிறாள். கணவன் விலகிப்போய் வேறொருத்தியை மணந்துகொண்ட பிறகு, உடலின் சதையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார். அவருக்குக் கோயிலுக்குள் இடம் கிடைத்தது. இருவரும் கைவிடப்பட்ட மனைவியர். ஒருத்தி சிவனைத் தேடிப் போனாள், மற்றவள் கணவனைத் தேடிப் போனாள். அம்மையாரின் பாட்டு எனக்கு உயிர். ஆனாலும் அந்தக் கோயிலில் நிற்கும்போது நினைப்பு மற்றவளிடம் போய்விடுகிறது.

சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி உண்டு. இருவரும் ஒருத்தியே என்று சொல்ல ஆதாரமில்லை. பெயர் ஒன்று, துக்கத்தின் சாயல் ஒன்று. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதை அது. சிங்கபுரத்துக்கு நகை விற்க வந்த சங்கமனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தவன் பரதன். அவனே கோவலனாகப் பிறந்தான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் தெருவிலும் மன்றத்திலும் முறையிட்டுத் திரிந்தாள். யாரும் கேட்கவில்லை. மலையேறிச் சபித்துவிட்டுக் குதித்தாள். அந்தச் சாபம் கடைசியில் வந்து விழுந்தது பரதன் தலையில் மட்டுமல்ல, ஒரு பாவமும் அறியாத கண்ணகி தலையிலும்தான். பழிவாங்கல் பற்றி எனக்கிருக்கும் தயக்கமெல்லாம் அந்த இடத்திலிருந்து வருவது.

சமணர் மட்டும் வேறு வழி கண்டார்கள். 'நீலகேசி'யை எழுதியவர் பெயர் தெரியாது, 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார். அதில் பழையனூர் நீலி சுடுகாட்டில் முனிவரை அச்சுறுத்தப் போய், அவரிடமே அறம் கேட்டு, பிறகு பௌத்தர், ஆசீவகர், வேதவாதியர் என்று எல்லாரோடும் வாதம் செய்து வெல்கிறாள். பேயை வாதியாக்கியவர் எவரோ, அவருக்கு என் வணக்கம். ஆனால் அவளும் பேசுவது தருக்கம்தான். தன் கொலையைப் பற்றி அல்ல.

சித்தி மகள் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மூன்று வாரம் அவனோடு இருந்தாள். இடது காது கேட்காமல் போனபின் வெளியே வந்தாள். இப்போது வேறொரு கம்பெனிக்கு வேனில் போகிறாள். போன தை மாதம் அவளைப் பழையனூருக்கு அழைத்துப்போய்க் கதையைச் சொன்னேன்.

"அந்த எழுபது பேரும் நெஜமாவே நெருப்புல எறங்கனாங்களாக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நம்ம பதினோரு பேர்ல ஒருத்தரு போன வாரம் கல்யாணப் பத்திரிக வெக்க வந்தாரு. நல்லா இருக்கியாம்மான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"காது கேக்காத பக்கமா நின்னுகினு பேசினாருக்கா."