நத்தார் வெள்ளியின் வரலாறு

கிறிஸ்மஸ் சோடனை காலனித்துவத்தின் மிச்சம் என்று ரொறன்ரோவில் எம்மவரிடையே ஒரு விமர்சனம் உண்டு. அது பாதி உண்மை என்பேன். 'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கீசரின் 'நத்தால்'தான். 1619இல் அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர்.

மறுபாதி 1658இல் தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், கோயில்களையும் எடுத்துக்கொண்டனர். 1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, அந்த வழிபாடு வீடுகளுக்குள்ளேதான் ஒளிந்திருந்தது. ஓர் ஆட்சி கொண்டுவந்ததை அடுத்த ஆட்சியிடமிருந்து காப்பாற்றியவர்கள் வீட்டுச் சனங்கள்.

நானறிந்த நத்தார் வெள்ளி, மூங்கில் சிலாகையைக் கட்டி, கோதுமை மாப் பசையால் வண்ணக் கடதாசி ஒட்டியது. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பின்வந்த ஆண்டுகளின் வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்கு.

ரொறன்ரோவின் கதை வேறு. இந்நகரின் சாந்தா ஊர்வலத்தை 1905இல் தொடக்கியது ஈட்டன்ஸ் என்ற கடை. 1982இல் ஈட்டன்ஸ் அதைக் கைவிட்டது. 1999இல் கடையே மூடப்பட்டது. ஊர்வலம் நிற்கவில்லை, வாங்குவதே கொண்டாட்டம் என்ற பழக்கமும் நிற்கவில்லை.

ஆகவே, இது யாருடைய பண்டிகை என்பதல்ல என் கேள்வி. ஸ்காபரோ அடுக்குமாடியில் பிள்ளைக்குச் சிலாகை கட்டக் காட்டிக்கொடுக்கிறோமா, கடைப்பெட்டியைத் திறக்கவா? வீட்டுக்குள் தடையையும் போரையும் தாண்டியது எங்கள் சௌகரியத்தால் அழியுமானால், அந்தப் பழியை எந்தக் காலனித்துவத்தின் தலையிலும் போடமுடியாது.