மடைக்காரர் இல்லாத குளம்

தென்காசிப் பக்கத்துக்குக் கம்பெனிப் பணம் வந்தது நேற்றல்ல. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றால மலையடியில் கிராம்பும் ஜாதிக்காயும் நட்டுத் தோட்டம் போட்டுவிட்டது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை கட்டினார்கள். இரண்டும் லாபத்துக்கு வந்தவை. யாரும் அதை ஒளிக்கவில்லை. ஊருக்கு நல்லது செய்யக் கம்பெனி வருவதுதான் புதுசு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் எங்கள் குளத்துக்கரைகளில் கம்பெனிப் பலகைகள் முளைத்தன.

கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். கார், பிசானம் என்று நெல் போகத்துக்குப் போகம் பயிர்க்கணக்கான அடங்கல் எழுதியே காலம் போயிற்று. குளத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது தண்ணீர் இல்லை, மடை. பாண்டிநாட்டுப் பழைய குமிழித்தூம்பில் இரண்டு துளை உண்டு: மேலே நீரோடி, கீழே சேறோடி. தண்ணீர் வயலுக்குப் போகும்போதே அடிச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மிச்சக் கரம்பையைக் கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடித்துவிடுவார்கள். தூர்வாருவது என்று தனியாக ஒரு திருவிழா கிடையாது.

இதற்கெல்லாம் ஆள் இருந்தது. மடையைத் திறந்து மூட மடைக்காரர்; அறுப்புக் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். இன்னும் பழங்காலத்தில் குளத்துப் பராமரிப்புக்கென்றே ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கினார்கள். சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கரையில் நின்று ஏவியது ஒரு சாதி, சேற்றில் இறங்கியது இன்னொரு சாதி. குளத்தை ஊராரே பழுது பார்க்கும் குடிமராமத்துக்காக 1858இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம்தான். ஆனாலும் குளத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டால் கைநீட்டிக் காட்ட முடிந்தது. பிற்பாடு 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள குளம் பொதுப்பணித்துறைக்கு, மற்றது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று கோப்பில் பிரிந்தது. நெல் அளப்பதும் நின்றது.

சில வருடங்களுக்கு முன், நான் பார்த்த ஊர் ஒன்றில் ஒரு கம்பெனி குளம் தூர்வாரியது. சீமை உடையை வேரோடு பிடுங்கினார்கள். அந்த மட்டும் நல்ல வேலை. ஆனால் ஜேசிபிக்காரர் மடைவாயின் மட்டத்துக்கும் கீழே ஆளுயரம் தோண்டிவிட்டார். மழை பெய்தது, குளம் நிறைந்தது, பலகையில் பெயர் பளபளத்தது. மடைக்குக் கீழே நின்ற தண்ணீர் கிணறுகளுக்கு ஊறியது, உண்மைதான். அதில் வயலுக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. கேட்க ஆளைத் தேடினோம். திட்டம் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். சமூகப் பணிச் செலவுக்கான விதியும் அப்படித்தான்: 2021 திருத்தப்படி, தொடர் திட்டம் என்றாலும் ஆரம்பித்த வருடம் போக மூன்று நிதியாண்டுதான். குளத்தில் அதற்குள் அடுத்த வண்டல் படியத் தொடங்கிவிடும்.

தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறை சங்கதி வேறு. 2011இல் அங்கே மென்பொருள் கம்பெனியான ஜோஹோ சிறிய அளவில் அலுவலகம் திறந்தபோது பலர் சிரித்தார்கள். 2019இல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்த ஊருக்கே குடிவந்தார். அங்கே பணம் திட்டமாக வரவில்லை, மாதச் சம்பளமாக வருகிறது. சம்பளத்துக்கு மூன்று வருடக் கெடு கிடையாது.

கட்டுவதைவிடக் காப்பது கஷ்டம் என்று தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் இதைப் பழுது பார்ப்பவர்களின் காலில் விழுகிறேன் என்ற கருத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்தான். அப்படியும் ராஜகோபுரம் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டையாக நின்று, 1990இல்தான் மீண்டும் குடமுழுக்குக் கண்டது.

இப்போது குளம் வெட்ட வரும் கம்பெனிக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்டால், கணக்குப்பிள்ளை புத்தியில் ஒன்றுதான் சொல்கிறேன். தோண்டும் செலவில் பாதியைப் பாசன விவசாயிகள் சங்கத்தின் பெயரில் வங்கியில் போடுங்கள். வட்டியில் ஒரு மடைக்காரருக்குக் கௌரவமான சம்பளம் கொடுக்கலாம். குளத்து மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசி ஏலப் பணத்திலும் ஒரு பங்கு குளத்துக்கே திரும்பும்படி ஊராட்சியோடு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார்கள், பிறகு, பலகையை எந்தப் பக்கம் பார்த்து நடுவது என்று கேட்பார்கள்.