திருக்கோயில் வடிவில் விளங்கும் கணிதம்

கடலோர ஊராகிய மீமிசலில் குடமுழுக்குக் காணக் கூடும் அன்பர் அனைவரும் விமானத்தின் உச்சியை அண்ணாந்து நோக்குவர். புனித நீர் கலசத்தில் சொரியப்பெறும் அந்நற்பொழுதில் கண்கள் கலசத்தையே நாடுதல் இயல்பு. ஆயினும், அக்கலசத்தைத் தாங்கி நிற்கும் விமானத்தின் உருவமைப்பும் சிந்திக்கத் தக்கதாகும். அதில் அடங்கியுள்ள கணித ஒழுங்கினை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நம் கடற்கரையையே எடுத்துக் கொள்வோம். கடற்கரையின் நீளம் எவ்வளவு என்ற வினாவிற்கு விடை எளிதன்று. நீண்ட கோலால் அளந்தால் சிறு வளைவுகள் விடுபட்டுப் போகும். குறுங்கோலால் அளந்தால் அவ்வளைவுகளும் சேர்ந்து நீளம் மிகும். 1970-களின் கணக்கின்படி தமிழகக் கடற்கரை ஏறத்தாழ 907 கிலோமீட்டர் எனப்பட்டது. நடுவண் அரசின் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட 2023-24ஆம் ஆண்டறிக்கையில் அதுவே ஏறத்தாழ 1,069 கிலோமீட்டர் எனக் காணப்படுகின்றது. முன்னினும் நுண்ணிய வரைபடங்களைக் கொண்டு அளந்ததே இதற்குத் தலையாய காரணமாகும். பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் பிரிட்டனின் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1967-ல் இதனை விளக்கினார். சிறு பகுதியும் பெரும் பகுதியும் ஒரே பாங்கில் அமைந்த இத்தகைய வடிவங்களுக்கு அவர் 1975-ல் ‘பிராக்டல்’ என்று பெயர் சூட்டினார். தமிழில் இதனைத் தன்னொப்பு வடிவம் எனலாம். 1980-ல் அவர் கணிப்பொறியின் துணையால் வரைந்து காட்டிய உருவம் உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறி ஓவியம் என்னும் புதுக் கலைக்கும் அது ஊக்கமளித்தது.

இவ்வொழுங்கினை நம் விமானங்களில் கண்கூடாகக் காணலாம். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைக் கல்லிற் செதுக்கிய ரதங்களுள் திரௌபதி ரதம் ஓலை வேய்ந்த எளிய குடிலைப் போன்றது. தர்மராஜ ரதத்திலோ தளந்தோறும் சிறு கோயிலுருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மூலையில் நிற்பது கூடம். நடுவே நீண்டு கிடப்பது சாலை. பிற்கால விமானங்களில் இவ்விரண்டிற்கும் இடையே பஞ்சரமும் இடம்பெறும். இவ்வரிசைக்கு ஆரம் என்பது சிற்பநூல் வழக்கு. கோயிலின் மேல் கோயிலும், அதன் மேல் அதனினும் சிறு கோயிலுமாக எழுந்து, முடிவில் ஒரே சிகரத்தில் அனைத்தும் ஒடுங்குகின்றன. 1010-ல் இராஜராஜ சோழன் பொற்கலசத்திற்குரிய செப்புக் குடம் அளித்த தஞ்சைப் பெரிய கோயிலின் பதின்மூன்று நிலை விமானமும் இந்நெறியின் விரிவேயாகும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் உள்ள விஜயாலய சோழீச்சுரம் இதற்கு மற்றுமொரு சான்று. அங்கே சதுரச் சுவரினுள் வட்டமான கருவறை அமைந்துள்ளது. விமானமும் கீழே சதுரமாய்த் தொடங்கி மேலே வட்டமாய் நிறைவுறுகின்றது. சுற்றிலும் சிறு பரிவாரக் கோயில்கள் நிற்கின்றன. மழையால் இடிந்த அக்கோயிலை மல்லன் விடுமன் என்பான் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே திருப்பணி செய்தோர் மூல வடிவைப் போற்றியமையால்தான் நாமும் இன்று அதனைக் கண்டு தொழுகின்றோம்.

இவ்வழகு அளவினாலும் விகிதத்தினாலும் அமைவது. ஸ்தபதிகள் முதலில் ஓர் அடிப்படை அளவைக் கொண்டு, ஏனைய உறுப்புக்களை அதன் பகுதிகளாகவும் மடங்குகளாகவும் வகுப்பர். ஆதலால் மூன்று முழச் சிறு கோயிலுக்கும் முப்பது முழப் பெருங்கோயிலுக்கும் ஒரே விதி பொருந்தும். இந்துக் கோயில்களின் இவ்வியல்பைத் தன்னொப்பு வடிவக் கணிதத்தோடு ஒப்பிட்டு 1989-ல் கீர்த்தி திரிவேதி ஓர் ஆய்வுரை வெளியிட்டார்.

கல்லில் ஆடவர் செய்ததனை நம் மகளிர் நாள்தோறும் மண்ணிற் செய்து வருகின்றனர். விடியலில் வாயில் தெளித்து, புள்ளியிட்டு, கம்பி இழுத்துப் போடும் கோலத்தையே குறிக்கின்றோம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்திற்கும் இலக்கணம் உண்டு என்றும், சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் சிறு கோலத்திலிருந்து பெருங்கோலத்தைப் பெறலாம் என்றும் அவர்கள் நிறுவினர். செடிகொடிகளின் வளர்ச்சியை விளக்க 1968-ல் லிண்டன்மேயர் என்னும் உயிரியல் அறிஞர் வகுத்த விதிமுறையும் கோலத்திற்குப் பொருந்துவதாயிற்று. கண்ணனின் காற்சலங்கை எனப் பெயர் பெற்ற கோலத்தில் சிறு சலங்கை நான்கினை இணைத்தால் அடுத்த அளவுச் சலங்கை தோன்றும். அவை நான்கினை இணைத்தால் அதனினும் பெரியது தோன்றும். எத்துணை பெரிதாயினும் கோடு ஒன்றே; தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். இன்று கணிப்பொறித் திரையில் இக்கோலம் தானே வளர்வதைக் காணலாம். ஆயின் அதற்கு இடப்படும் கட்டளைகள் முன்னே செல், வலப்புறம் திரும்பு, இடப்புறம் திரும்பு என்பனவே. அவை நம் பாட்டியரின் விரல்கள் பண்டே அறிந்தவை.

வடமொழி யாப்பு நூல் செய்த பிங்கலரின் சூத்திரத்திற்குப் பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் வகுத்த உரையில் மேரு பிரஸ்தாரம் என்னும் எண்ணடுக்கு விளக்கப்பெறுகின்றது. உச்சியில் ஒன்று, அதன்கீழ் இரண்டு ஒன்றுகள், பின் ஒவ்வொரு வரிசையின் இருபுறமும் ஒன்று வைத்து, இடையில் மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை எழுத வேண்டும். எட்டு வரிசை எழுதினால் 36 எண்கள் அமையும். அவற்றுள் ஒற்றை எண்கள் உள்ள இடங்களில் மட்டும் புள்ளியிட்டால் 27 புள்ளிகள் விழும். அப்புள்ளிகள் முக்கோணத்தினுள் முக்கோணமாகவும், அதனுள் மீண்டும் முக்கோணமாகவும் நிற்கக் காணலாம். இவ்வடிவத்தை 1915-ல் போலந்து நாட்டுக் கணித அறிஞர் சியர்பின்ஸ்கி ஆராய்ந்தார். பிராக்டல் வடிவங்களுள் இன்று புகழ் பெற்றது அது. இல்லத்துச் சிறுவர் சிறுமியர் கோலப்பொடி கொண்டே இதனைச் செய்து பார்க்கலாம்.

இங்கு ஒன்று கூறுதல் கடமையாகும். இக்காலக் கணிதம் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று பறைசாற்றுதல் உண்மைக்கு ஒவ்வாது. வாய்பாடுகளையும் நிறுவல்களையும் தந்தவர் பிற்கால அறிஞர்களே. நம் முன்னோர் சிறியதிலும் பெரியதிலும் ஒரே ஒழுங்கு நிலவுவதை உணர்ந்து, அவ்வுணர்வைக் கல்லிலும் மாவிலும் வழிவழியாகப் பேணினர். அதுவே அவர்தம் பெருமை, அப்பெருமை போதும்.

அண்மையிலுள்ள திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலில் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. மாணிக்கவாசகரை ஆட்கொண்ட இறைவன் அங்கே அருவமாக வழிபடப் பெறுகின்றான். அதே கோயிலின் கொடுங்கைகளிலோ மரச்சட்டங்களும் ஆணிகளும் கருங்கல்லில் வியக்கத்தக்க நுட்பத்தோடு செதுக்கப்பட்டுள்ளன. வடிவங்கடந்த பொருளை நாடும் அடியார்க்கு வடிவங்கள் படிகளாகும் என்னும் உண்மையை அத்தலம் உணர்த்துகின்றது.

ஆதலின், திருப்பணிச் செல்வர்களிடம் ஒரு விண்ணப்பம். பன்னீராண்டிற்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்தல் மரபு. ஒவ்வொரு திருப்பணியிலும் சுண்ணமும் வண்ணமும் தடித்துப் படிந்தால், ஆரத்தின் சிறு கூடங்களும் சாலைகளும் உருவிழந்து வெறும் மேடுகளாகிவிடும். மணலை வீசிக் கல்லைத் தூய்மை செய்தால் கூர்மையான விளிம்புகள் தேய்ந்து போகும். பழுதுற்ற ஒரு சிறு கூடத்தை அளவறியாது கட்டினால் மேலுள்ள தளங்களின் விகிதமும் பொருந்தாது போகும். எனவே, திருப்பணி தொடங்குமுன் விமானத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்துக் கோயிலிலேயே பாதுகாத்து வைத்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. அடுத்த திருப்பணியைச் செய்வோர்க்கு விளையும் நன்மையோ பெரிது. இக்காலக் கணிப்பொறி இப்பணிக்கு நல்ல துணையாகும். மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கப்பெற்ற சிற்பக்கலைப் பயிற்சி நிலையத்தின் வழிவந்த ஸ்தபதிகளும் நமக்கு உளர்.

அவ்வாறே, அச்சிட்டு ஒட்டும் கோலத்தாள்கள் பெருகிவரும் இந்நாளில், திருவாயிலில் மகளிர் அரிசிமாவினால் கைக்கோலம் இடுவதற்கு இடம் அளித்தல் வேண்டும். தாளை எறும்பு உண்ணாது. மாக்கோலம் சிற்றுயிர்க்கும் உணவாகும். கற்பிப்பார் கைகள் உள்ளபோதே சிறுமியர் கற்றுக் கொள்ளட்டும்.